14.20 கோடி ஏலம்... கையில் எவ்வளவு? வருமான வரியும் விளையாட்டு அணிகளும்

கே ஸ்டாண்ட் குமரன் | 16 டிசம்பர் 2025, இரவு 9:52

நம்ம சிஎஸ்கே ஆளுங்க இன்னிக்கு அபுதாபி ஐபிஎல் ஏலத்துல ரெண்டு சின்னப் பசங்களுக்கு ஆளுக்கு 14.20 கோடி கொட்டியிருக்காங்க. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா. ரெண்டு பேரும் இன்னும் இந்தியாவுக்கு ஆடாதவங்க. அடிப்படை விலை 30 லட்சம். நம்ம பழைய பவுலர் பதிரனாவை 18 கோடிக்கு கொல்கத்தாக்காரன் தூக்கிட்டுப் போன சோகம் ஒருபக்கம் இருக்கட்டும்.

ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல ஏலம் முடியறதுக்குள்ள சண்டை. ஒருத்தர், "30 சதவீதம் வரி போயிடும், அவ்வளவுதான்" என்கிறார். இன்னொருத்தர், "வரியெல்லாம் டீம் ஓனரே கட்டிடுவாரு, பையனுக்கு முழுசா வரும்" என்கிறார். மூணாவது ஆள், "அமெரிக்காவுல பிளேயருங்க எந்த ஊர்ல வரி கம்மின்னு பார்த்துத்தான் டீமே முடிவு பண்றாங்க, அதான் அங்க சில டீம் மட்டும் ஜெயிக்குது" என்கிறார்.

இதுல எது நிஜம்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா. "வரி கட்டுறவன் முட்டாள்" ரகப் பதில் வேண்டாம்.

மயிலை ஆடிட்டர் | 16 டிசம்பர் 2025, இரவு 10:31

ஓனர் கட்டுவார் என்பது கதை. ஏலத்தொகை வரிக்கு முந்தைய தொகை. அணி பணம் கொடுக்கும்போது வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவில் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். விளையாட்டு வீரர், நடுவர், பயிற்சியாளர், பிசியோ, வர்ணனையாளர் எல்லாரையும் இந்தப் பிரிவுக்குள் கொண்டுவந்த அறிவிக்கை 2008இல் வந்தது. ஐபிஎல் பிறந்த அதே வருஷம். வருமான வரித்துறை தூங்குகிறது என்று யார் சொன்னது?

மீதி வரியை வீரரே அட்வான்ஸ் டாக்ஸாகத் தவணை தவணையாகக் கட்ட வேண்டும். புதிய வரி முறையில் மேல் படிக்கட்டு 30 சதவீதம். வருமானம் 2 கோடியைத் தாண்டினால் அந்த வரியின் மேல் 25 சதவீதம் சர்சார்ஜ் (வரி மேல் வரி), அதற்கும் மேல் 4 சதவீதம் செஸ். கூட்டினால் 39 சதவீதம். கீழ்ப் படிக்கட்டுகளில் கிடைக்கும் சலுகை இந்தத் தொகைக்கு முன்னால் அஞ்சு லட்சத்துச் சொச்சம்தான்.

14.20 கோடிக்கு வரி ஏறக்குறைய 5.48 கோடி. கையில் 8.72 கோடி. இதோடு ஒரு மேட்சுக்கு 7.5 லட்சம் மேட்ச் ஃபீ தனி. அதற்கும் இதே கணக்கு.

போன ஏலத்தில் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனபோது "வரி 8.1 கோடி" என்று ஒரு கார்டு ஊரெல்லாம் சுற்றியது. வெறும் 30 சதவீதத்தைப் பெருக்கிவிட்டு விட்டார்கள். சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் அது பத்தரைக் கோடிக்குப் பக்கம்.

ஒரே ஆறுதல், செலவைக் கழிக்கலாம். ஏஜென்ட் கமிஷன், சொந்த டிரெய்னர், சொந்தச் செலவில் எடுத்த பிசியோ, கிட். தொழில் வருமானம் என்பதால் இதெல்லாம் அனுமதிக்கப்படும்.

திருவான்மியூர் தீபா | 16 டிசம்பர் 2025, இரவு 10:58

சார், அப்போ கேமரன் கிரீன்? 25.20 கோடின்னு ஏலம் போனாரு, ஆனா வெளிநாட்டு வீரருக்கு இந்தத் தடவை 18 கோடிக்கு மேல கையில தர முடியாது, மீதி 7.20 கோடி பிசிசிஐயோட வீரர் நல நிதிக்குப் போகும். அது ஓகே. ஆனா வெளிநாட்டுக்காரங்களுக்கு 20 சதவீதம்தான் வரின்னு படிச்சேன். நம்ம பையன் 39, வர்றவன் 20. இது என்ன நியாயம்?

மயிலை ஆடிட்டர் | 16 டிசம்பர் 2025, இரவு 11:20

அம்மா, பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

இந்தியக் குடிமகன் அல்லாத, இங்கே குடியிருப்பு அந்தஸ்து இல்லாத வீரருக்கு 115பிபிஏ பிரிவு. 20 சதவீதம். 2012 வரை அது வெறும் 10 ஆக இருந்தது. இதுவும் சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் 26 வரை ஏறும். ஆனால் அது மொத்தத் தொகையின் மேல். ஒரு ரூபாய் செலவுகூடக் கழிக்க முடியாது. ஏஜென்டுக்குக் கொடுத்ததும் சேர்த்துத்தான் வரி. இங்கே நடித்த விளம்பரம், பத்திரிகையில் எழுதிய பத்தி இரண்டும் இதே பிரிவில் வரும்.

கிரீன் ஆஸ்திரேலியாவில் வரி கட்டும் குடியிருப்பாளர் என்றால் கதை இங்கே முடியாது. அங்கே மேல் விகிதம் 45, மெடிகேர் லெவி (மருத்துவத்துக்கான கூடுதல் வரி) 2. உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே காட்ட வேண்டும். இந்தியாவில் கட்டியதைக் கழித்துக்கொண்டு மீதியை அங்கே வைக்க வேண்டும். ஆகவே கடைசியில் அவர் கையிலிருந்து போவது நம் பையன் கட்டுவதைவிட அதிகமாகவே இருக்கலாம். 26இல் நிஜமாகவே நிற்பவர்கள், சொந்த நாட்டில் வரி இல்லாதவர்கள் அல்லது துபாய் மாதிரி ஊருக்குக் குடிபெயர்ந்தவர்கள்.

ஒரு வேடிக்கை. இந்தப் பிரிவு விளையாட்டு வீரருக்குத்தான், வெளிநாட்டு நடுவருக்கும் மேட்ச் ரெஃப்ரிக்கும் பொருந்தாது என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மைதானத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர் வீரர் இல்லையாம்.

கே ஸ்டாண்ட் குமரன் | 16 டிசம்பர் 2025, இரவு 11:34

வைபவ் சூர்யவன்ஷி 13 வயசுல 1.10 கோடிக்குப் போனானே, அவன் வரியை யாரு கட்டுறது? அப்பாவா?

மயிலை ஆடிட்டர் | 16 டிசம்பர் 2025, இரவு 11:41

மைனர் பெயரில் இருக்கும் டெபாசிட் வட்டி என்றால் பெற்றோர் வருமானத்தோடு சேரும். சொந்தத் திறமையால் சம்பாதித்தது சேராது. அவன் பெயரிலேயே தனி ரிட்டர்ன், அப்பா கார்டியனாகக் கையெழுத்துப் போடுவார். தூங்கப் போகிறேன்.

டல்லாஸ் பாலா | 17 டிசம்பர் 2025, காலை 7:15

மூணாவது ஆள் சொன்னதுக்கு நான் வர்றேன். இங்க இருந்து பார்க்கிறதால கொஞ்சம் தெரியும்.

அமெரிக்காவுல மத்திய வரி எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்கு மேல மாநில வரி. கலிஃபோர்னியாவுல மேல் விகிதம் 13.3 சதவீதம். டெக்சஸ், ஃப்ளோரிடா, நெவாடா, டென்னசி இங்கெல்லாம் சம்பளத்துக்கு மாநில வரியே கிடையாது. போன பிப்ரவரியில கூடைப்பந்து நட்சத்திரம் லூகா டான்சிச்சை டல்லாஸ் மேவரிக்ஸ் ராத்திரியோட ராத்திரியா லாஸ் ஏஞ்சலிஸுக்கு டிரேடு பண்ணாங்க. ஊரே அழுதது. அந்தப் பையன் வேண்டாம்னு சொல்லவும் முடியாது, ஆனா அன்னியிலேர்ந்து அவன் சம்பளத்துல கலிஃபோர்னியா கை வைக்குது. நம்ம ஊர்ல சஞ்சு சாம்சனை சிஎஸ்கே வாங்கி ராஜஸ்தானுக்கு ஜடேஜாவைக் கொடுத்தப்ப யாராவது வரியைப் பத்திப் பேசினாங்களா? பேச வேண்டிய அவசியமே இல்ல. சென்னையிலயும் ஜெய்ப்பூர்லயும் ஒரே வரி.

இதுல ஒரு முடிச்சு இருக்கு. வீடு எந்த மாநிலத்துல இருக்குங்கிறது மட்டும் கணக்கில்ல, எங்க போய் ஆடுறாங்களோ அந்த மாநிலமும் வரி கேக்கும். இதுக்குப் பேரு ஜாக் டாக்ஸ். 1991 என்பிஏ கூடைப்பந்து ஃபைனல்ஸ்ல சிகாகோ புல்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸை அடிச்சாங்க. கலிஃபோர்னியா, "எங்க ஊர்ல வந்து ஆடின நாளுக்கு வரி கட்டு"ன்னு மைக்கேல் ஜோர்டான் கோஷ்டிக்கு நோட்டீஸ் விட்டது. சிகாகோ இருக்கிற இல்லினாய் மாநிலம் கடுப்பாகி, "எங்க ஆளுங்ககிட்ட வாங்குற மாநிலத்தோட ஆளுங்ககிட்ட நாங்களும் வாங்குவோம்"னு சட்டம் போட்டது. ஜோர்டானின் பழிவாங்கல்னே அதுக்குப் பட்டப்பேரு. அப்புறம் ஒவ்வொரு மாநிலமா பிடிச்சுக்கிச்சு.

கணக்கு எப்படின்னா, பயிற்சி முகாம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து கடைசி மேட்ச் வரைக்கும் மொத்தம் எத்தனை வேலை நாள், அதுல இந்த மாநிலத்துல எத்தனை நாள், அந்த விகிதத்துல சம்பளத்தைப் பிரிப்பாங்க. ஒஹாயோ மாநிலத்து கிளீவ்லாண்ட் ஊர் மட்டும் புத்திசாலித்தனமா நாளுக்குப் பதிலா மேட்ச்சை எண்ணிச்சு. வருஷத்துக்கு 20 மேட்ச், இங்க ஒண்ணு, அப்போ 5 சதவீதச் சம்பளம் எனக்குன்னு. நாள் கணக்குப் போட்டா அது 1.25தான் வரும். ஹன்டர் ஹில்லன்மேயர்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரர் கேஸ் போட்டாரு. ஜெஃப் சாட்டர்டேன்னு இன்னொருத்தர் காயம்பட்டு அந்த மேட்சுக்கே போகல, சொந்த ஊர்ல சிகிச்சையில இருந்தாரு. அவர்கிட்டயும் வரி வாங்கியிருக்கான்! 2015ல ஒஹாயோ உச்ச நீதிமன்றம் ரெண்டு பேருக்கும் சாதகமா தீர்ப்புச் சொல்லிச்சு.

டென்னசி இன்னும் அநியாயம். சம்பள வரியே இல்லாத மாநிலம், ஆனா கூடைப்பந்து, ஹாக்கி ஆட்டக்காரர் ஒரு மேட்ச் ஆடினா 2,500 டாலர்னு நிலை வரி. குறைஞ்ச சம்பள ஆட்டக்காரங்களுக்கு அந்த மேட்சுக்குக் கிடைக்கிற காசைவிட அது அதிகம். 2014ல அதை ரத்து பண்ணச் சட்டம் போட்டாங்க.

வியாசர்பாடி விங்கர் | 17 டிசம்பர் 2025, காலை 8:40

எல்லாரும் கிரிக்கெட்டையே பேசுறீங்க. வரி பார்த்து டீம் மார்றதுக்கு ஃபுட்பால்தான் தலைமைச் செயலகம்.

ஸ்பெயின்ல 2005ல ஒரு சட்டம். வெளியிலேர்ந்து வேலைக்கு வர்றவங்களுக்கு 24 சதவீதம் ஒரே விகிதம். உள்ளூர்க்காரன் 40க்கு மேல கட்டிட்டிருந்தான். ரியல் மாட்ரிட்ல அப்போ பெக்காம் இருந்ததால அவர் பேரே நிலைச்சுடுச்சு. விஞ்ஞானிக்கு, மேனேஜருக்குன்னுதான் சட்டம் போட்டது, அள்ளிக்கிட்டது கிளப்புங்க. 2010ல 6 லட்சம் யூரோவுக்கு மேல சலுகை கிடையாதுன்னான், 2015லேர்ந்து விளையாட்டு வீரர்களையே வெளிய தள்ளிட்டான். கிளெவன், லாண்டே, சாஸ்னு மூணு பொருளாதார ஆளுங்க ஐரோப்பிய ஃபுட்பாலை வச்சு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, 2013ல வந்தது. வரி குறையற நாட்டுக்கு நல்ல பிளேயருங்க போறாங்க, அதுல அடிபடுறது உள்ளூர் சுமார் பிளேயருங்கதான்னு சொல்றாங்க. இத்தாலியும் 2019லேர்ந்து வர்றவனுக்குப் பாதிச் சம்பளத்துக்குத்தான் வரின்னு வச்சிருந்து 2023 கடைசியோட ஃபுட்பாலருக்கு மூடிட்டான்.

அங்க இன்னொரு விஷயம், பெரிய பிளேயரு சம்பளத்தை வரி கழிச்சுத்தான் பேசுவான். "எனக்குக் கையில 10 மில்லியன் வரணும், மீதி உன் தலைவலி." அப்போ வரிச் சலுகை போனா பிளேயருக்கு இல்ல, கிளப்புக்குத்தான் செலவு ஏறும். குமரன் அண்ணே, உங்க ஆபீஸ் ரெண்டாவது ஆளு இதைக் கேட்டுட்டு வந்துதான் ஓனர் கட்டுவாருன்னு சொல்லியிருப்பாரு.

நம்ம ஊருக்கு வருவோம். ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பால்) ஃபாரினர் ஐபிஎல்காரன் மாதிரி ரெண்டு மாசத்துல கிளம்ப மாட்டான். போன சீசன் செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும் போச்சு. ஒரே நிதியாண்டுல 182 நாள் இங்க இருந்துட்டா இந்தியக் குடியிருப்பாளர், அந்த 20 சதவீத வண்டி போச்சு. அதனால முகாமுக்கு எப்ப வர்றான், கிறிஸ்மஸுக்கு எத்தனை நாள் ஊருக்குப் போறான்னு ஏஜென்ட் நாளை எண்ணிட்டே இருப்பான். கோச்சு பெஞ்சுல உக்கார வச்சாலும் கவலப்பட மாட்டான், நாள் ஓடினாத்தான் கவல.

பழைய லீக் ஆள் | 17 டிசம்பர் 2025, காலை 11:05

தம்பிகளா, நாங்க ஆடின காலத்துல "கையில எவ்வளவு"ங்கிற கேள்வியே வேற. சென்னை லீக்ல முதல் டிவிஷன் ஆடினா ஒரு கம்பெனி வேலை கொடுக்கும். சிமென்ட் கம்பெனி, கெமிக்கல் கம்பெனி, பேங்க், ரயில்வே, ஐசிஎஃப். காலையில ஆபீஸ்ல கையெழுத்து, மத்தியானம் நெட்ஸ். சம்பளத்துல வரி பிடிச்சு வருஷக் கடைசியில ஃபார்ம் 16 தருவாங்க. மேட்ச் ஜெயிச்சா கிடைக்கிற கவர்ல இருக்கிறது எந்த ஃபார்ம்லயும் வராது, அது வேற விஷயம்.

அந்தக் கம்பெனிங்க டீம் வச்சுக்கிட்டது பாதி ஆசை, பாதி விளம்பரம். செலவு எல்லாம் கம்பெனிக் கணக்குல போகும். இன்னிக்கு அதே ஊர்ல ஒரு டீமே தனிக் கம்பெனி.

சச்சின் விஷயம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? வெளிநாட்டுலேர்ந்து வந்த விளம்பர வருமானத்துக்கு 80ஆர்ஆர்னு அப்போ ஒரு கழிவு இருந்தது. அவர், "நான் தொழில்முறை நடிகர், விளம்பரத்துல நடிக்கிறேன்"னு கேட்டாரு. கிரிக்கெட் வருமானத்தை இதர வருமானம்னு காட்டினாரு! துறை ஒத்துக்கல. 2011ல மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் சரின்னு சொல்லி ஒண்ணே முக்கால் கோடிக்கு மேல கழிவு கொடுத்துது. பெப்சி விளம்பரத்துல அவர் நடிச்ச நடிப்பைப் பார்த்தவங்க தீர்ப்பு சரியா இல்லையான்னு முடிவு பண்ணிக்கலாம்.

திருவான்மியூர் தீபா | 17 டிசம்பர் 2025, மதியம் 1:22

பாலா அண்ணா சொன்னதைப் படிச்சதும் ஒண்ணு தோணிச்சு. சேப்பாக்கத்துல சம்பாதிச்ச காசுக்கு வரி முழுக்க டெல்லிக்குத்தானே போகுது? விவசாயம் தவிர மற்ற வருமானத்துக்கு வரி போடுற அதிகாரம் ஒன்றியத்துக்கு மட்டும்தான். மாநிலத்துக்கு இருக்கிறது தொழில் வரி ஒண்ணுதான், அரசியல் சட்டமே அதை வருஷத்துக்கு 2,500 ரூபாயோட நிறுத்தி வச்சிருக்கு. சென்னை மாநகராட்சி அரையாண்டுக்கு 1,250ன்னு வாங்குது. 14 கோடிக்காரருக்கும் எனக்கும் அதே 1,250. நம்ம ஊர் ஜாக் டாக்ஸ் இவ்வளவுதான்!

திரும்பி எவ்வளவு வருதுன்னு கணக்குப் போட்டேன். 15ஆவது நிதிக்குழுப்படி பகிர வேண்டிய தொகுப்புல மாநிலங்களுக்கு 41 சதவீதம், அதுல தமிழ்நாட்டுக்கு 4.079. ஆனா சர்சார்ஜும் செஸ்ஸும் அந்தத் தொகுப்புக்குள்ளயே வராது. 39ல 30 மட்டும்தான் பங்குக்கு வரும், 9 அப்படியே ஒன்றியத்துக்கு. நூறு ரூபாய் வரியில தமிழ்நாட்டுக்கு ஒரு ரூபாய் 29 காசு. ஆடிட்டர் சார் சொன்ன 5.48 கோடியில ஏழு லட்சம் போல.

மைதானத்துக்கு போலீஸ் நம்மது, ராத்திரி மேட்ச் முடிஞ்சு விடுற மாநகரப் பஸ் நம்மது, வாலாஜா ரோடு நெரிசல் நம்மது.

தராசு | 17 டிசம்பர் 2025, மதியம் 2:10

அப்படின்னா மாநிலத்துக்கும் வருமான வரி போடுற உரிமை வேணும்னு கேட்கிறீங்களா? கொடுத்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஐபிஎல்ல எல்லா அணிக்கும் ஏலப்பை ஒரே அளவு. தமிழ்நாடு 5 சதவீதம் போட்டு குஜராத் பூஜ்யம்னு வச்சா, அதே 14 கோடிக்கு அகமதாபாத்ல அதிகம் கையில நிக்கும். சிஎஸ்கே அதே ஆளைப் பிடிக்க அதிகம் கொடுக்கணும், பை சீக்கிரம் காலி.

கனடாக்காரங்க இதைத்தான் புலம்புறாங்க. என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கியில எல்லா டீமுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. கனடா டீம் எதுவும் 1993க்கு அப்புறம் ஸ்டான்லி கோப்பை ஜெயிக்கல. டாம்பா பே 2020, 2021. வேகாஸ் 2023. ஃப்ளோரிடா பாந்தர்ஸ் 2024, 2025. எல்லாம் மாநில வரி இல்லாத ஊரு.

டல்லாஸ் பாலா | 17 டிசம்பர் 2025, இரவு 8:03

தராசு, கேட்க நல்லா இருக்கு, ஆனா பாதிதான் நிக்கும். டாட்ஜர்ஸ் 2020, 2024, 2025ல பேஸ்பால் சாம்பியன். கூடைப்பந்துல வாரியர்ஸ் 2015லேர்ந்து நாலு பட்டம். ரெண்டும் கலிஃபோர்னியா, நாட்டுலயே அதிக மாநில வரி. இங்க டெக்சஸ்ல இருக்கிற கௌபாய்ஸ் 1996 ஜனவரிக்கு அப்புறம் சூப்பர் பவுல் (அமெரிக்கன் ஃபுட்பால் இறுதி ஆட்டம்) பக்கமே போகல. உச்சவரம்பு இறுக்கமா இருக்கிற ஆட்டத்துல வரி ஓரளவு பேசும். காசை எவ்வளவு வேணா கொட்டலாம்ங்கிற ஆட்டத்துல பேசாது.

விளம்பரக் காசும் இருக்கு. லாஸ் ஏஞ்சலிஸ் ஜெர்சி போட்டா கிடைக்கிற விளம்பரம் வேற ஊர்ல கிடைக்காது.

தவிர கெட்டிக்காரன் வரியைத் தாண்டவும் வழி வச்சிருக்கான். டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர் ஷோஹெய் ஒஹ்தானி ஒப்பந்தம் 10 வருஷத்துக்கு 700 மில்லியன் டாலர். ஆனா ஆடுற காலத்துல வருஷத்துக்கு வெறும் 2 மில்லியன்தான் எடுத்துக்கிறார். மீதி 680 மில்லியன் 2034லேர்ந்து 2043 வரைக்கும் வரும். 1996ல வந்த மத்திய சட்டப்படி பத்து வருஷத்துக்குக் குறையாம பிரிச்சுத் தர்ற இந்த மாதிரித் தொகைக்கு, வாங்குறப்ப எந்த மாநிலத்துல குடியிருக்கிறாரோ அந்த மாநிலம்தான் வரி போடலாம். ஓய்வு பெற்று ஜப்பான் போயிட்டா கலிஃபோர்னியாவுக்குப் பட்டை நாமம். மாநிலக் கணக்கு அதிகாரி மாலியா கோஹனே, "இதுக்கு ஒரு வரம்பு வைங்க"ன்னு அமெரிக்கக் காங்கிரஸைக் கேட்டாங்க.

சூப்பர் கிங்ஸ் பேருலயே வேடிக்கை பாருங்க. சிஎஸ்கேவோட தங்கச்சி டீம் டெக்சஸ் சூப்பர் கிங்ஸுக்கு வீடு இங்க பக்கத்துல கிராண்ட் ப்ரெய்ரி, மாநில வரி இல்ல. ஆனா இந்த வருஷம் சில மேட்ச் கலிஃபோர்னியா ஓக்லாண்ட்ல நடந்தது, அந்த நாளுக்கு அங்க வரி. ஜோபர்க் சூப்பர் கிங்ஸ்னா தென்னாப்பிரிக்க வரி. ஒரே மஞ்சள் சட்டைக்கு ஊருக்கு ஒரு கணக்கு. ரெண்டு டீம்லயும் ஆடின ஃபாஃப் டு ப்ளெஸ்ஸிஸோட ஆடிட்டர் பாவம்.

கே ஸ்டாண்ட் குமரன் | 17 டிசம்பர் 2025, இரவு 8:30

பிளேயரு கதை புரிஞ்சுது. ஓனருங்க? அவங்க எவ்வளவு கட்டுறாங்க?

டல்லாஸ் பாலா | 17 டிசம்பர் 2025, இரவு 9:12

அமெரிக்காவுல அதுதான் வயிறு எரியுற இடம். டீமை வாங்குறவர், கொடுத்த விலையில ஏறக்குறைய முழுசையும் 15 வருஷத்துக்குத் தேய்மானமா எழுதிக்கலாம். ஆட்டக்காரங்க தேஞ்சு போறாங்களாம்! 1940கள்ல பில் வெக்னு ஒரு பேஸ்பால் ஓனர் ஆரம்பிச்சு வச்ச யோசனை, 2004 சட்டத்துல விரிவாச்சு. டீம் விலை என்னவோ வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும், காகிதத்துல மட்டும் நஷ்டம். அந்த நஷ்டத்தை வேற வருமானத்தோட கழிச்சுக்கலாம். ப்ரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2021ல வெளியிட்டது: 2018ல கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் 124 மில்லியன் சம்பாதிச்சு 35.9 சதவீதம் வரி கட்டினாரு. கிளிப்பர்ஸ் கூடைப்பந்து டீம் ஓனர் ஸ்டீவ் பால்மர் 656 மில்லியன் சம்பாதிச்சு கட்டினது 12 சதவீதம்.

மயிலை ஆடிட்டர் | 17 டிசம்பர் 2025, இரவு 10:05

இங்கே அவ்வளவு ஜோராக இல்லை, ஆனால் அதே திசைதான். ஐபிஎல் அணி ஒரு கம்பெனி. சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் தனி நிறுவனம். வீரர் சம்பளம், வருமானத்தில் 20 சதவீதம் பிசிசிஐக்குக் கட்டும் உரிமத் தொகை, ஹோட்டல், விமானம் எல்லாவற்றையும் செலவாகக் கழித்த பிறகு மிஞ்சும் லாபத்துக்குத்தான் வரி. சலுகை விகிதத்தைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு அது 25.17 சதவீதம். ஆக, பந்து போடுகிறவர் 39, அவரை ஏலம் எடுத்த கம்பெனி 25. டிவிடெண்டாகப் பங்குதாரர் கைக்குப் போகும்போது இன்னொரு வரி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் லாபத்தை வெளியே எடுக்காமல் அணியின் மதிப்பை ஏறவிடுகிறவருக்கு விற்கிற நாள் வரை அந்தக் கவலை இல்லை.

இதற்கெல்லாம் மேலே இருக்கிறவர் கணக்கு இன்னும் அழகு. பிசிசிஐ ஒரு சங்கம், பதிவு செய்யப்பட்டிருப்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில். விளையாட்டை வளர்க்கும் அறக்காரியம் என்று வரிவிலக்கு கேட்கும் அமைப்பு. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடிக்குப் போனது. "இது தர்மமா, வியாபாரமா?" என்று துறை கேட்டது. ஆட்டம் பிரபலமாகி அதனால் பணம் வந்தால் அது தர்மம் இல்லாமல் போய்விடாது என்ற ரீதியில் மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2021 நவம்பரில் பிசிசிஐ பக்கம் நின்றது. நம் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் பதிவை ரத்து செய்ததையும் சென்னை உயர் நீதிமன்றம் முன்பே தள்ளியிருந்தது. ஆனால் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குஜராத், சௌராஷ்டிரா, ராஜஸ்தான் போன்ற சங்கங்களின் வழக்கில், ஒளிபரப்பு உரிமைப் பணத்தை வியாபாரக் கண்ணோடு திரும்பப் பாருங்கள் என்று அதிகாரிகளிடம் அனுப்பிவிட்டது. அது முடிகிற கதை இல்லை.

வியாசர்பாடி விங்கர் | 17 டிசம்பர் 2025, இரவு 10:20

அறக்காரியம்! வியாசர்பாடியில பசங்களுக்கு ஓசியில ஃபுட்பால் சொல்லித் தர்ற கோச்சுங்ககிட்ட சொல்லிப் பாருங்க, சிரிச்சே செத்துருவாங்க.

பழைய லீக் ஆள் | 17 டிசம்பர் 2025, இரவு 10:44

அவங்களுக்கு விலக்கு, ஆனா குகேஷுக்கு? போன டிசம்பர்ல சிங்கப்பூர்ல டிங் லிரெனை ஜெயிச்சு உலக செஸ் சாம்பியன் ஆனான் நம்ம பையன். பரிசு 1.35 மில்லியன் டாலர், பதினோரு கோடிக்கு மேல. அன்னிக்கே மீம் போட்டுட்டாங்க, குகேஷ் கட்டப் போற வரி தோனியோட ஐபிஎல் சம்பளத்தைவிட அதிகம்னு. தோனிக்கு அப்போ 4 கோடிதான். சிரிச்சாலும் கணக்கு சரி.

மயிலை ஆடிட்டர் | 17 டிசம்பர் 2025, இரவு 11:02

சரிதான் சார். ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். உலக செஸ் அமைப்பான ஃபிடே கொடுத்த பரிசு தொழில் வருமானம், வரி உண்டு. சிங்கப்பூரில் ஏதாவது பிடித்திருந்தால் இங்கே கழித்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசு அறிவித்த 5 கோடி வேறு ஜாதி. அரசு தரும் பரிசுக்கு 10(17ஏ) பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் மாநிலம் கொடுத்தாலும் அந்த நோக்கத்தை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். ஒலிம்பிக், காமன்வெல்த், ஆசியப் போட்டிப் பதக்கக்காரர்களுக்கு மாநிலங்கள் தரும் பரிசுக்கு 2014இல் அப்படி ஏற்பு வந்தது. பிசிசிஐ தரும் ஊக்கத்தொகைக்கு இந்தப் பிரிவு கிடையாது, அது அரசு இல்லையே. 2024 டி20 உலகக் கோப்பைக்குக் கொடுத்த 125 கோடியும் அப்படித்தான்.

இடதுகை சுழல் | 18 டிசம்பர் 2025, காலை 6:50

எல்லாரும் கோடியிலயே பேசுறீங்க. ஆடிட்டர் சார், நான் டிஎன்பிஎல்ல (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஒரு டீம்ல இருக்கேன், பேரு வேண்டாம். இந்த சீசனுக்கு 3 லட்சம். 30,000 பிடிச்சுட்டு 2,70,000 வந்துது. வேலை இல்ல, வேற வருமானமும் இல்ல. தெரிஞ்ச ஒருத்தர், "சின்ன அமௌன்ட், ரிட்டர்ன் எல்லாம் போடாதே, போட்டா நோட்டீஸ் வரும்"னு சொல்றாரு. இன்னொருத்தர், "44ஏடிஏல பாதியை லாபம்னு காட்டு, கணக்கே வேண்டாம்" என்கிறார். எதைக் கேக்கறது?

மயிலை ஆடிட்டர் | 18 டிசம்பர் 2025, காலை 7:35

ரெண்டு பேரையும் கேட்காதே தம்பி.

ரிட்டர்ன் போடாவிட்டால் அந்த 30,000 அரசாங்கத்துக்கு நன்கொடை. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே வராது. உனக்கு வரவேண்டியது முழு ரீஃபண்ட். உன் பான் எண்ணில் 26ஏஎஸ் (உன் பெயரில் கட்டிய வரியின் பட்டியல்) எடுத்துப் பார். அணி அந்த 30,000ஐ உன் பெயரில் கட்டியிருக்கிறதா என்று முதலில் தெரிந்துகொள். இல்லையென்றால் மேனேஜரைக் கேள், பயப்படாதே.

44ஏடிஏ பட்டியலில் டாக்டர், வக்கீல், எஞ்சினியர், சினிமாக் கலைஞர் இருக்கிறார்கள், விளையாட்டு வீரர் இல்லை. 194ஜேவுக்காக வெளியிட்ட அறிவிக்கையை வைத்து அதற்குள் நுழைய முடியாது. ஐடிஆர் 3 ரிட்டர்ன் படிவம் போடு.

இன்னொன்று. சாய் சுதர்சனை 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அதே வருஷம் ஐபிஎல்லில் அவருக்கு 20 லட்சம். உனக்கும் ஒருநாள் அப்படி ஏறினால், வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே இப்போதே பில் சேர்த்து வை. பேட், ஷூ, ஜிம், பிசியோ, சொந்தக் காசில் போன கேம்ப். பேங்க் வழியாகக் கொடு, ரொக்கமாகக் கொடுக்காதே.

இடதுகை சுழல் | 18 டிசம்பர் 2025, காலை 9:18

26ஏஎஸ் பார்த்தேன் சார். 15,000தான் இருக்கு. பாதி.

மயிலை ஆடிட்டர் | 18 டிசம்பர் 2025, காலை 9:26

பதறாதே. ரெண்டு தவணையாகப் பணம் வந்ததா? இரண்டாவது காலாண்டுக்கான டிடிஎஸ் அறிக்கையை இன்னும் தாக்கல் செய்யாமல் இருக்கலாம். அணி மேனேஜருக்கு மெயில் போடு, வாயால் கேட்காதே. பணம் வந்த தேதி, பிடித்த தொகை, உன் பான் எண், ஃபார்ம் 16ஏ (டிடிஎஸ் சான்றிதழ்) வேண்டும் என்று நாலு வரி. ரெண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் எனக்குத் தனிச் செய்தி அனுப்பு. ஃபீஸ் கேட்க மாட்டேன், சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச் டிக்கெட் போதும், ஐபிஎல் டிக்கெட்டுக்கு இப்போது 40 சதவீத ஜிஎஸ்டி என்பதால் அதுவும் லேசான ஃபீஸ் இல்லை.